சிறைக்கும் வாடகையா?

வழக்கு முடிந்தது. கூண்டிலே நிற்பவன் குற்றமற்றவன் என்று ஜூரிகள் கூறிவிட்டனர். நீதிபதியும் ஒப்புக்கொண்டார். மாதக் கணக்கிலே இருட்டறையில் கிடந்தவன், வெளிறிய முகத்திலே மகிழ்ச்சி தோன்ற, வாயிற்பக்கம் அடியெடுத்து வைக்கிறான். வெளியே மனைவி காத்து நிற்கிறாள். சிறையதிகாரி அவன் தோளைப் பற்றுகிறான், திருப்புகிறான், வந்த சிறைக்கே மீண்டும் இழுத்துச் செல்கிறான். ஏன்? குற்றம் இல்லை என்பது முடிவாகிவிட்டது. ஆனால், சிறையிலே இருந்ததற்கான கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை! கட்டும்வரை கம்பிக்குப் பின்னேதான்!

கற்பனை என்று எண்ணவேண்டாம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலே ஊர்தோறும் நடைபெற்று வந்த கொடுமை இது. உலகுக்கே நீதிமுறையைக் கற்றுக் கொடுத்ததாகப் பெருமை பேசிக்கொண்ட நாட்டிலே, குற்றமற்றவனும் கையிலே காசு இல்லையென்றால் கைதிதான். அந்தக் கொடுமையைக் கண்டு, கண்ட பிறகு சும்மா இருக்க மறுத்த ஒரு மனிதரின் வாழ்வை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். ஜான் ஹோவர்டு என்பது அவர் பெயர். 1938இலும் 1965இலும் மொழி காக்கச் சிறை புகுந்தோரின் இயக்கம் நமது இயக்கம். சிறை என்பது நமக்கு வெறும் ஏட்டுச் செய்தியல்ல. ஆகவே, சிறைக் கதவைத் தட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவரின் வரலாறு நாம் அறியவேண்டிய வரலாறு.

ஹோவர்டு 1726ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இலண்டனை அடுத்த பகுதியிலே பிறந்தார். தந்தை, மெத்தையும் கம்பளமும் விற்றுப் பெரும் பொருள் சேர்த்த வணிகர், கண்டிப்பு மிக்கவர், அரசாங்க மதபீடத்தை ஏற்காத கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தாய் இளமையிலேயே மறைந்தார். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, உடலும் நோஞ்சான். மளிகை மொத்த வணிகர் ஒருவரிடம் தொழில் பழகத் தந்தை சேர்த்துவிட்டார். 1742இல் தந்தை மறைந்ததும், பெருஞ்சொத்துக்கு உரியவரானார் ஹோவர்டு. தொழிற்பயிற்சியைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டு, ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அந்நாளிலே செய்ததைத்தான் அவரும் செய்தார்.

பிறகு நோய்வாய்ப்பட்டுக் கிடந்தபோது, தங்கியிருந்த விடுதியின் உரிமையாளரான அம்மையார் அவரைக் கண்ணுங்கருத்துமாகப் பேணிக் காப்பாற்றினார். நன்றிக்கடனாக அந்த அம்மையாரையே மணம் செய்துகொண்டார் ஹோவர்டு. அவருக்கோ இருபத்தைந்து வயது அளவு. அம்மையாருக்கு அதைப்போல் இருமடங்கு! ஊர் நகைத்திருக்கும். அவர் பொருட்படுத்தவில்லை. தமக்குச் சரி என்று பட்டதைச் செய்யும்போது மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற குணம் அன்றே அவரிடம் இருந்தது. 1755இல் அந்த அம்மையார் மறைந்தார்.

அந்த ஆண்டு நவம்பரிலே லிஸ்பன் நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. அங்கே செல்லும் எண்ணத்துடன் ஹோவர்டு கப்பலேறினார். வழியிலே கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டனர். சீமான் வீட்டுப் பிள்ளை, பிரெஸ்ட் துறைமுகத்துச் சிறையிலே, ஈரத் தரையிலே, வைக்கோல்மீது படுக்க நேரிட்டது. பசியும் தாகமும் எத்தகையவை என்பதை அங்கேதான் அவர் கண்டார். கைதிகள் மாற்றத்தின்படி விடுதலை பெற்று ஊர் திரும்பியதும், தாம் தப்பினோம் என்று வாளாவிருந்துவிடவில்லை. தம்மோடு பிடிபட்ட மாலுமிகளின் நிலைமையை உரிய அதிகாரிகளிடம் எடுத்துக் கூறி முறையிட்டார். இது அவர் செய்த முதல் சிறைப்பணி.

பின்னர் பெட்பர்டு மாவட்டத்துக் கார்டிங்டன் கிராமத்திலே, தமது பண்ணையிலே குடியேறினார். 1758இல் ஹென்ரியட்டா என்ற மங்கையை மணந்தார். குடியானவர்களுக்கு நல்ல வீடுகள் கட்டிக் கொடுத்தார். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1765இல் ஒரு மகனைப் பெற்றெடுத்த சில நாட்களிலே ஹென்ரியட்டாவும் மறைந்தார். அந்த நிலையிலே எத்தனையோ பேர் சொத்தும் சோகமுமாக வாழ்ந்து மடிந்திருக்கிறார்கள். ஹோவர்டின் வாழ்வும் அப்படியே முடிந்திருக்கும், 1773ஆம் ஆண்டு அவரிடம் ஒரு பதவி வந்து சேர்ந்திராவிட்டால்.

பெட்பர்டு மாவட்டத்தின் ஷெரீப் பதவி அது. அரசாங்க மதபீடத்தைச் சேராதவர், அதன் சடங்கைச் செய்யாமல் பதவியேற்றால் 500 பவுன் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தந்தது. ஹோவர்டு சடங்கும் செய்யவில்லை, பதவியை மறுக்கவுமில்லை. வருவது வரட்டும் என்று ஏற்றார். அந்நாளிலே ஷெரீப் என்றால் ஊர்வலமும் விருந்தும்தான். மாவட்டச் சிறை அவர் பொறுப்பிலே இருந்தபோதிலும், அதற்குள்ளே எட்டிப் பார்க்கும் ஷெரீப் அரிது. ஹோவர்டு உள்ளே சென்றார்.

பெட்பர்டு சிறை பழைய சிறை. நூறாண்டுக்கு முன்பு ஜான் பனியன் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த சிறை. அந்தப் பனியன் எழுதிய நூலைத் தழுவித்தான் நமது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். அந்தச் சிறையிலே ஹோவர்டு கண்ட காட்சியைத்தான் தொடக்கத்திலே கூறினோம். ஜூரிகளால் விடுதலை செய்யப்பட்டவர்கள், வழக்குத் தொடர்ந்தவனே வராததால் வழக்கு இல்லையென்று ஆனவர்கள் ஆகியோர் மீண்டும் சிறைக்குள் தள்ளப்பட்டிருந்தனர். கட்டணம் எவ்வளவு? சிறையதிகாரிக்கு 15 ஷில்லிங் 4 பென்ஸ்; சாவிக்காரனுக்கு 2 ஷில்லிங். வயலிலே உழைத்த கூலிக்காரன் இரண்டு வாரத்துக்கு மேல் பாடுபட்டால்தான் அந்தத் தொகையைக் காண முடியும். சிறையிலே கிடப்பவனுக்குக் கூலி ஏது? கூலி இல்லாதவன் கட்டணத்தை எப்படிக் கட்டுவது? கட்டாதவன் வெளியேறுவது எப்படி? வெளியே வராதவன் சம்பாதிப்பது எப்படி? வாயே இல்லாத பொறியிலே எலியைப் போட்டு, வெளியே வா என்று கூறிய கதைதான்!

சிறையதிகாரி மட்டும் கொடியவன் என்று எண்ணிவிடக்கூடாது. ஹோவர்டு அப்படி எண்ணவில்லை. அவருடைய பெருமையே அதிலேதான் இருக்கிறது. அவர் கணக்கைப் பார்த்தார். சிறையதிகாரிக்குச் சம்பளமே கிடையாது! கைதிகளிடம் வாங்கும் கட்டணம்தான் அவன் வருமானம். கள்ளும் சாராயமும் விற்று வரும் இலாபமும் சேர்ந்தால் அதுவே அவன் பிழைப்பு. ஆகவே, கால்விலங்கின் எடையைக் குறைக்க ஒரு தொகை, படுக்கைக்கு ஒரு தொகை, தனியறைக்கு ஒரு தொகை! பணம் உள்ளவனுக்குச் சிறை ஒரு சத்திரம். பணமற்றவனுக்கு அது நிலவறை. புதிதாக வருகிறவன் பழைய கைதிகளுக்கும் குடிக்கக் காசு தரவேண்டும். இல்லையேல் மேலாடையைக் கழற்றித் தரவேண்டும். சன்னல்களுக்கு அரசாங்கம் வரி போட்டிருந்தது. அந்த வரியைச் சிறையதிகாரி கட்ட வேண்டியிருந்ததால், பல இடங்களிலே சன்னலையே அடைத்துவிட்டான்! காற்றும் ஒளியும்கூடக் கணக்கிலே செலவாகிவிட்டன.

ஹோவர்டு கண்ட பரிகாரம் எளியது. சிறையதிகாரிக்கு மாவட்ட நிதியிலிருந்து சம்பளம் கொடுங்கள்; கட்டணத்தை ஒழியுங்கள் என்று மாவட்டத்துக் கௌரவ மாஜிஸ்திரேட்டுகளிடம் கேட்டார். அவர்கள் மறுக்கவில்லை. மறுப்பது நாகரிகமாகாதே! இதற்கு முன்மாதிரி உண்டா, எந்த மாவட்டத்திலாவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று கேட்டனர். அதிகாரத்திலே இருப்போர் ஒரு நல்ல காரியத்தைச் செய்யாமலிருக்க விரும்பும்போது கேட்கும் கேள்வி எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

முன்மாதிரி வேண்டுமா, தேடிக் கொண்டுவருகிறேன் என்று குதிரை ஏறினார் ஹோவர்டு. பக்கத்து மாவட்டம் சென்றார். அங்கும் அதே கொடுமை. அடுத்த மாவட்டம், அங்கும் அதுவே. மாவட்டம் மாவட்டமாகச் சென்றார். முன்மாதிரி கிடைக்கவில்லை, அநீதிதான் கிடைத்தது. சில சிறைகள் தனியாருக்கே சொந்தம். ஈலி நகரத்துச் சிறை பிஷப்புக்குச் சொந்தம். செஸ்டர்பீல்டு சிறை போர்ட்லண்டு பிரபுவுக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றிப் பேசும் மதபீடத்தினர், மற்ற நாட்களிலே சிறைக்கு உடைமையாளர்! ஏழையின் சங்கிலியும் பிரபுவின் சொத்துக் கணக்கிலே ஓர் இனம்!

சிறைகளிலே ‘சிறைக் காய்ச்சல்’ என்ற கொள்ளை நோய் பரவியிருந்தது. டைபஸ் என்று பின்னாளிலே மருத்துவர்கள் அறிந்த நோய்தான் அது. தூக்கிலே தொங்கியவர்களைவிட அந்தக் காய்ச்சலால் மாண்டவர்கள் அதிகம் என்று ஹோவர்டு கணக்கிட்டுக் கூறினார். சிறைக்குள் சென்று திரும்பினால் உடையிலே ஏறிய நாற்றம் தாங்க முடியாததாக இருந்ததால், மூடுவண்டியை விட்டுக் குதிரைமீதே பயணம் செய்தார். குறிப்பேட்டின் தாள்களைக்கூட நெருப்பருகே காயவைத்த பிறகே பயன்படுத்த முடிந்தது. புலால் உண்பதில்லை, மது அருந்துவதில்லை, ரொட்டி, பால், காய்கறி, தேநீர் போதும். கையிலே ஒரு புட்டி வினிகர், நெஞ்சிலே அச்சமின்மை. இந்தக் கோலத்திலே நிலவறை நிலவறையாக இறங்கினார், அளவு பார்த்தார், ஆள் எண்ணினார், விலைப்பட்டியலை எழுதிக்கொண்டார்.

1774ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபை அவரை அழைத்து விசாரித்தது. அவர் கூறியதைக் கேட்டுச் சபை நன்றி தெரிவித்தது. யார் செலவிலே இப்படிப் பயணம் செய்கிறீர் என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். சொந்தச் செலவிலே ஒருவர் ஏழைக் கைதிக்காக ஊர் சுற்றுவார் என்பதை அந்தப் பிரபுக்களால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை! அந்த ஆண்டிலேயே இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, குற்றமற்றவர் என்று ஆனவர்களைக் கட்டணமின்றி உடனே விடுவிக்கவேண்டும், சிறையதிகாரிக்குரிய தொகையை மாவட்ட நிதி தரவேண்டும் என்பது. மற்றொன்று, சிறைகளைச் சுத்தமாகவும் காற்றோட்டமாகவும் வைத்துக் கைதிகளின் உடல்நலம் காக்கவேண்டும் என்பது. சட்டம் ஏட்டிலே உறங்கும் என்பதை அறிந்த ஹோவர்டு, இரு சட்டங்களையும் பெரிய எழுத்திலே தமது செலவிலே அச்சிட்டுச் சிறையதிகாரிகளுக்கு அனுப்பி வைத்தார். பிறகு, நடைபெறுகிறதா என்று பார்க்க மீண்டும் கிளம்பினார்!

பாராளுமன்றத்திலே இடம்பெற அதே ஆண்டு தேர்தலிலே நின்றார். சில வாக்குகளிலே தோற்றார். தோல்வியும் சிறைகளுக்கு நன்மையாயிற்று. ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்சு என்று நாடு நாடாகச் சென்றார். ஹாலந்திலே கைதிகளுக்கு வேலையும் ஒழுங்கும் தூய்மையும் இருக்கக் கண்டு, நமது நாட்டிலே ஏன் முடியாது என்று கேட்டார். பாரிசிலே பாஸ்டில் சிறைக்குள் நுழைய முயன்றார்; காவலர் திருப்பியனுப்பினர். அவருக்குத் திறக்க மறுத்த அந்தக் கதவை 1789இல் மக்கள் திறந்தனர்.

1777இல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலைமையைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அலங்காரம் இல்லாத நூல். எந்தச் சிறை, எத்தனை அறை, எத்தனை பேர், எவ்வளவு ரொட்டி, எவ்வளவு கட்டணம் என்ற கணக்குகள்! அவர் எண்ணியபோது சிறைகளிலே இருந்தோர் 4,084 பேர். அவர்களிலே 2,437 பேர் கடனாளிகள். பாதிக்கு மேற்பட்டோர் திருடரல்லர், கொலைஞரல்லர். கடனைக் கட்ட வழியில்லாதவர்கள். கட்ட முடியாத கடனுக்காகச் சிறை. சிறையிலே இருந்ததற்காக மேலும் ஒரு கடன்! இதைவிடக் கேலிக்கூத்து வேறென்ன இருக்க முடியும்?

ஹோவர்டைத் தெய்வமாக்கிக் காட்ட நாம் விரும்பவில்லை. அவர் மதப்பற்று மிகுந்தவர். கைதியைத் தனிமையிலே வைத்தால் மனம் திருந்தும் என்று நம்பினார். அந்த எண்ணத்தைப் பின்வந்தவர்கள் அளவு மீறிக் கையாண்டு, தனிமைக் கொட்டடி என்ற புதிய கொடுமையைப் படைத்தனர். வீட்டிலேயும் அவர் வெற்றி பெறவில்லை. தாயற்ற ஒரே மகன், தந்தை ஊர் ஊராகச் சென்றுகொண்டிருக்க, தறிகெட்டு, மனநோய்க்கு ஆளாகி, காப்பகத்திலே வாழ்ந்து 1799இல் மாண்டான். குறை உண்டு. ஆனால், தமது செல்வத்தைத் தமக்கெனச் செலவிடாத செல்வர் அவர். சிறைப்பணிக்காக அவர் செலவிட்ட தொகை சுமார் 30,000 பவுன் என்பர். பயணம் செய்த தொலைவு 40,000 மைலுக்கு மேல் என்பர். அவர் வெளிநாட்டிலே இருந்தபோது, அவருக்குச் சிலை வைக்கப் பணம் திரட்டினார்கள் நண்பர்கள். செய்தி அறிந்ததும், வேண்டாம் என்று எழுதித் தடுத்துவிட்டார்.

முதுமையிலே கொள்ளைநோயைத் தடுக்கும் வழியை ஆராயப் புகுந்தார். அதற்காக, நோய் உள்ள துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலைத் தேடி ஏறி, வெனிஸ் நகரத்து நோய்த்தடுப்புக் கொட்டடியிலே தாமும் அடைபட்டுப் பார்த்தார்! 1789இல் ரஷ்யப் பேரரசின் தென்பகுதிக்குச் சென்று, படைவீரர் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். கெர்சோன் நகரிலே, காய்ச்சல் கண்ட ஓர் இளம்பெண்ணைப் பார்க்கச் சென்று, அதே காய்ச்சலுக்கு ஆளாகி, 1790ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் மறைந்தார். தம் புதைகுழிமேல் நினைவுச்சின்னம் வேண்டாம், நிழற்கடிகாரம் ஒன்று போதும், தம்மை மறந்துவிடுங்கள் என்பது அவர் விருப்பம். நாடு மறக்கவில்லை. இலண்டன் புனித பால் தேவாலயத்திலே முதன்முதலாக வைக்கப்பட்ட சிலை அவருடையதே.

அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1815இல்தான் சிறைக்கட்டணங்களைப் பொதுவாக ஒழிக்கும் சட்டம் இங்கிலாந்திலே வந்தது. அதற்குப் பிறகும் கடனாளிகள் சிறை நீடித்தது. எழுத்தாளர் டிக்கன்சின் தந்தை 1824இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறை புகுந்ததும், பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் தொழிற்சாலை வேலைக்குப் போனதும் உலகறிந்த செய்தி. பெரும்பாலான கடனாளிகளுக்குச் சிறை என்பதே 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

பழங்கதை, எல்லாம் முடிந்துவிட்டது என்று கூறிவிடலாமா? முடியவில்லை. அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலம் 1935இல், கைதியின் சொத்திலிருந்து சிறைச்செலவைத் திரும்பப் பெறச் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் பல பின்தொடர்ந்தன. கனெக்டிகட் மாநிலம் நாளொன்றுக்கு 249 டாலர் என்று கணக்குப் போட்டது. விடுதலையாகி, உழைத்து, பெற்றோர் வழிச் சொத்து ஏதேனும் வந்தால் அதிலும் கைவைத்தது. எதிர்ப்புக் கிளம்பி, 2022இல் அந்தச் சட்டத்தைக் குறுக்கினர். இலினாய் மாநிலம் 2019இல் அறவே நீக்கியது.

ஹோவர்டின் நாடோ? தவறான தீர்ப்பால் ஆண்டுக்கணக்கிலே சிறையிலிருந்து, பின்னர் குற்றமற்றவர் என்று வெளிவந்தவர்களுக்கு நட்டஈடு தரும்போது, சிறையிலே உண்டு உறங்கியதால் மிச்சமான செலவு என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் முறை அங்கே தோன்றியது! 2007இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அது சரியே என்று தீர்ப்பளித்தனர். 17 ஆண்டுகள் சிறையிலிருந்த ஒருவர் 2023இல் குற்றமற்றவராக வெளிவந்து, இந்த அநியாயத்தை ஊரறியக் கேட்ட பிறகே, அரசு வெட்கி அந்தக் கழிவை நீக்கியது. பெட்பர்டு சிறையிலே 1773இல் ஹோவர்டு கண்டதும் இதுதான். 250 ஆண்டுகள் கழிந்தும், விரட்டிய பேய் வேறு உடை உடுத்தி வந்திருக்கிறது.

கைதியை வைத்துக் காக்கும் செலவை உழைத்து வரி கட்டுவோர் ஏன் ஏற்கவேண்டும், குற்றம் செய்தவனே ஏற்கட்டும் என்று வாதிடுவோர் உண்டு. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். நாம் விடை கூறுவோம். திருடியதைத் திருப்பிக் கொடு என்பது நீதி. பாதிக்கப்பட்டவனுக்கு ஈடு செய் என்பதும் நீதி. ஆனால், சிறை என்பது கைதி கேட்டு வாங்கிய பண்டமல்ல; சமுதாயம் தன் பாதுகாப்புக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. பூட்டு வாங்கியவன்தான் பூட்டுக்கு விலை தரவேண்டும். அடைப்பவனே செலவை ஏற்றால்தான், இவனை அடைக்கத்தான் வேண்டுமா, எத்தனை நாள் அடைக்கவேண்டும் என்று அவன் யோசிப்பான். செலவு அடைபட்டவன் தலையிலே என்றால், யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

இந்த நியாயம் நம் நாட்டுச் சட்டத்திலேயே ஓரிடத்திலே இருக்கிறது. 1908ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, கடனாளியைச் சிவில் சிறைக்கு அனுப்ப விரும்பும் கடன்காரன்தான் அவனது சாப்பாட்டுப் படியைக் கட்டவேண்டும். அந்தப் படியை வழக்குச் செலவோடு சேர்த்துக் கேட்கலாம். ஆனால் அந்தத் தொகைக்காக அவனை அடைத்து வைக்கக்கூடாது. நல்ல விதி!

ஆனால், பணம் இல்லாத குற்றத்துக்காக மட்டும் உள்ளே இருப்போர் நம் சிறைகளிலே இல்லையா? 2022ஆம் ஆண்டு இறுதியிலே இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று தீர்ப்பு ஆகாதவர்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், கட்டவேண்டிய தொகைக்கும் பிணை நிற்பாருக்கும் வழியின்றிக் கிடக்கும் ஏழைகள் அவர்களிடையே உண்டு. அத்தகையோருக்கு உதவ 2023இல் மத்திய அரசே ஒரு திட்டம் அறிவித்தது என்றால், நோய் இருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது என்றுதான் பொருள். மருந்து நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேருகிறதா என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் யாரேனும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஹோவர்டு செய்ததும் அதைத்தான்: சட்டம் வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகாமல், நடக்கிறதா என்று பார்க்கப் போனார்.

முன்மாதிரி எங்கே என்று அன்று மாஜிஸ்திரேட்டுகள் கேட்டனர். அந்த மனிதர் சாகும்வரை தேடினார். இன்று யாரேனும் அந்தக் கேள்வியைக் கேட்டால், அவரையே காட்டுவோம்.